வாய் பிளந்த மேசைப் பலகையும் அடுக்குகள் பிரியும் விதமும்

என் வேலை மேசையின் வலது முன்மூலை ஜன்னலை ஒட்டி இருக்கிறது. தொடர்ந்து சில வாரங்கள் அங்கே சாரல் பட்டிருக்கிறது. மேலே துணி விரிப்பு கிடந்ததால் அது என் கண்ணில் படவில்லை. விரிப்பை எடுத்த நாளில் மேல் வெனீரில், அதாவது பலகையின் மேலடுக்கான மெல்லிய மர ஏட்டில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. விளிம்பில் ஈரம் பட்டு விரிந்த புத்தகம் போல மூன்று இடங்களில் பலகை வாய் பிளந்திருந்தது. அது 18 மில்லிமீட்டர் பிளைவுட், ஒன்பது அடுக்கு. நனையாத இடது மூலையில் வெர்னியர் அளவி 18.1 காட்டியது, வலது மூலையில் 20.8.

பலகையையே மாற்றிவிடுவது எளிது. ஆனால் ஒன்பது அடுக்குகளுக்கு இடையே எட்டுப் பசைக் கோடுகள் இருக்கின்றன. ஒரே ஈரம் எல்லாவற்றையும் நனைத்திருக்க, மேலிருந்து இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது கோடுகள் மட்டும் விளிம்பில் விட்டிருந்தன, முதல் கோடு விளிம்பில் உறுதியாக இருந்தும் உள்ளே கொப்புளமாகப் பிரிந்திருந்தது. இதற்குக் காரணம் தெரியாமல் பசையை ஊற்றி இறுக்கினால் அடுத்த ஈரத்தில் மறுபடியும் பிரியும் என்று தோன்றியது. அப்படித்தான் ஒருமுறை நடக்கவும் செய்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வேலை, பிரிவு எதுவரை போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பது. கண்ணுக்குத் தெரியும் பிளவைவிட உள்ளே இருக்கும் பிளவு எப்போதும் நீளமானது. ஒரு நாணயத்தை விரல் நுனியில் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு தட்டாகப் பலகை முழுவதும் தட்டிக்கொண்டே போனேன். ஒட்டியிருக்கும் இடம் "டக்" என்று கூர்மையாக ஒலிக்கிறது; பிரிந்த இடத்தில் மேலடுக்கு தனியாக அதிர்வதால் "டொப்" என்று தாழ்ந்த, மந்தமான ஒலி வருகிறது. ஒலி மாறும் இடங்களில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்து, கடைசியில் புள்ளிகளை இணைத்தபோது, விளிம்பிலிருந்து உள்நோக்கி 17 சென்டிமீட்டர் வரை போகும் ஒரு நாக்கு வடிவம் கிடைத்தது. இழைகளைப் பிசினில் பதித்துச் செய்த விமானக் கலப்புப்பொருள் இறக்கைகளை இன்றும் இதே போலச் சிறு சுத்தியலால் தட்டிச் சோதிக்கிறார்கள். பாலங்களின் கான்கிரீட் தளத்தில் இரும்புச் சங்கிலியை இழுத்துக்கொண்டே நடந்து, ஒலி மாறும் இடத்தைக் குறித்துக்கொள்கிறார்கள்; அங்கே உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்து, மேல் கான்கிரீட்டைத் தகடு தகடாகத் தூக்கிவிடுகிறது.

அடுத்தது உலர்த்துதல். இதில் அவசரப்படக் கூடாது. ஈரமானி வலது மூலையில் 22 சதவீதமும் இடது பக்கத்தில் 11 சதவீதமும் காட்டியது. பலகையைக் கால்களிலிருந்து கழற்றி, இருபுறமும் காற்றுப்படும்படி சட்டங்களின் மேல் வைத்து, மின்விசிறியை மட்டும் ஓடவிட்டேன். வெயிலில் வைத்தால் மேலடுக்கு முதலில் சுருங்கி, பிளவு இன்னும் நீளும். ஈரம் 12 சதவீதத்துக்கு இறங்க 19 நாட்கள் ஆயின. அப்போது மூலையின் தடிமன் 19.6. மரம் தன் பழைய அளவுக்குத் திரும்பியிருந்தாலும், அடுக்குகளுக்கு நடுவே விழுந்த இடைவெளி அப்படியே நின்றது.

காத்திருந்த நாட்களில் ஒரு சிறு சோதனை செய்தேன். விளிம்பில் முழுதாகக் கழன்றிருந்த உள் வெனீர் துண்டு ஒன்றை எடுத்து, நார் ஓட்டத்துக்குக் குறுக்காகச் சரியாக 60 மில்லிமீட்டர் இருக்கும்படி வெட்டி, ஓர் இரவு தண்ணீரில் போட்டுவைத்தேன். காலையில் குறுக்களவு 62.7. நார் ஓடும் திசையில் அளந்தால் வெர்னியருக்குத் தெரிகிற மாற்றம் எதுவும் இல்லை. பிளைவுட்டுக்கான வெனீர், அடிமரத்தைச் சுழற்றிக் கத்தியால் சுருள் சுருளாகச் சீவி எடுக்கப்படுவது. எனவே அதன் அகலம் என்பது மரத்தின் வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசை. மரம் அதிகமாக விரிந்து சுருங்குவதும் அந்தத் திசையில்தான். முழு ஈரத்திலிருந்து முழு உலர்வு வரை பல மரங்களில் 6 முதல் 10 சதவீதம் மாறும், நீளவாக்கில் 0.1 முதல் 0.3 சதவீதம்தான்.

பிளைவுட்டில் ஒவ்வோர் அடுக்கும் பக்கத்து அடுக்குக்குக் குறுக்காக ஒட்டப்பட்டிருக்கிறது. 11 சதவீதத்திலிருந்து 22 சதவீதத்துக்கு ஈரம் ஏறும்போது, 100 மில்லிமீட்டர் அகல வெனீர் தனியாக இருந்தால் சுமார் 3 மில்லிமீட்டர் விரியும். அதே திசையில் நார் ஓடும் பக்கத்து அடுக்கோ ஒரு தாளின் தடிமன் அளவுகூட விரியாது. விரிய நினைப்பதை விரியவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் பசையின் வேலை; பிளைவுட் வளையாமல் நிற்பதற்குக் காரணமும் இந்தப் பிடிதான். பலகையின் நடுப்பகுதியில் இந்த இழுபறி அடுக்குகளுக்குள்ளேயே சமன்பட்டுவிடுகிறது: ஒன்று அழுத்தத்திலும் அடுத்தது இழுப்பிலும் நிற்க, பசைக் கோட்டின் மீது பெரிய பாரம் விழுவதில்லை. விளிம்பில் நிலைமை வேறு. அங்கே பலகை முடிந்துவிடுவதால், அடுக்குக்குள் ஓடும் விசை பூஜ்யமாகியே தீர வேண்டும். அது குறையும் அந்தக் குறுகிய தூரத்துக்குள், ஏறக்குறைய பலகையின் தடிமன் அளவுக்குள், முழு விசையும் பசை வழியாக அடுத்த அடுக்குக்குக் கைமாற வேண்டியிருக்கிறது. அதனால் விளிம்பை ஒட்டிய பசைக் கோட்டில் நழுவும் விசையும், ஒன்றையொன்று தூக்கிப் பிரிக்கும் விசையும் குவிகின்றன. இழைக் கலப்புப்பொருட்களில் இந்த விளிம்பு விளைவை 1970-இல் பைப்ஸ், பகானோ என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். என் மேசையில் நடந்தது அதேதான். போதாக்குறைக்கு ஈரம் நுழைவதும் விளிம்பு வழியாகத்தான்: நார்களின் வெட்டுமுகம் அங்கே குழாய் வாய்களைப் போலத் திறந்து கிடக்கிறது.

உலர்ந்த பிறகு பிளவுகளைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. தடித்த உளியை விட்டு நெம்பக் கூடாது. நான் பயன்படுத்தியது ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு அளவுகோல். அதைப் பிளவுக்குள் தள்ளும்போது, பிளவின் முனை அளவுகோலுக்குச் சற்று முன்னால் போய்த் தானாக நின்றுவிடுகிறது. இதற்கு ஓர் அழகான கணக்கு உண்டு. ஆப்பு (இங்கே என் அளவுகோல்) திறக்கும் இடைவெளி மாறாமல் இருந்தால், பிளவு முனைக்குப் போய்ச்சேரும் ஆற்றல் பிளவு நீளத்தின் நான்காம் படிக்குத் தலைகீழாகக் குறைகிறது: நீளம் இரட்டித்தால் ஆற்றல் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே ஒவ்வோர் ஆப்புத் தடிமனுக்கும் பிளவு நிற்கும் தூரம் ஒன்று இருக்கிறது. ஆப்பின் தடிமனை நான்கு மடங்காக்கினால்தான் அந்தத் தூரம் இரட்டிக்கும். ஆனால் தூக்கப்படும் அடுக்கு எவ்வளவு தடிப்போ அவ்வளவுக்குப் பிளவு தூரமாக ஓடும். மெல்லிய மேல் அடுக்கைத் தூக்கும்போது கவலைப்படாத நான், ஐந்தாவது கோட்டைத் திறக்கும்போது சுண்ணக் குறிக்கு அப்பால் பிளவு போய்விடாமல் இருக்க, அங்கே ஒரு கிளாம்பை முன்கூட்டியே இறுக்கி வைத்தேன்.

1930-இல் ரஷ்ய இயற்பியலாளர் ஒப்ரெய்மோவ் இதே வேலையை அபிரகத்தில் (மைக்கா) செய்தார். அபிரகத்தின் ஒவ்வொரு தகடும் உள்ளுக்குள் வலுவாகப் பிணைந்தது. தகடுகளுக்கு நடுவே பொட்டாசியம் அயனிகள் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் நகத்தாலேயே அதை ஏடு ஏடாக உரிக்க முடிகிறது. அவர் கண்ணாடி ஆப்பைச் செலுத்தி, ஏடு வளைந்த அளவிலிருந்து பிரிக்கத் தேவைப்படும் ஆற்றலைக் கணக்கிட்டார். சாதாரணக் காற்றில் தேவைப்பட்டதைவிட வெற்றிடத்தில் பல மடங்கு அதிகம் தேவைப்பட்டது. காற்றிலுள்ள ஈரம் புதிதாகத் திறக்கும் பரப்பில் உடனே படிந்து பிரிவை எளிதாக்குகிறது. பிளவின் கூர்முனைக்குள் நீர் நுழைந்தால் பொருள் எளிதில் விட்டுக்கொடுக்கும் என்பது என் மேசைக்கும் பொருந்துகிற உண்மை. சாரல் மரத்தை உப்பவைத்ததோடு நிற்கவில்லை, பிடித்துக்கொண்டிருந்த பிணைப்பையும் தளர்த்தியது.

இனி, திறந்த பிளவில் கண்டது. கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தபோது, இரண்டாவது, மூன்றாவது கோடுகளின் இரு முகங்களும் ஒன்றுபோல இல்லை. ஒரு முகத்தில் வெளிர் நிறத்தில் கண்ணாடி போன்ற மெல்லிய பசைத் தோல். எதிர் முகத்தில் வெறும் மரம், அதன் நார்த் தடம் பசைத் தோலில் அச்சாகப் பதிந்திருந்தது. பசை மரத்தைப் பிடிக்காமலே கழன்றிருக்கிறது என்பது இதன் பொருள். ஐந்தாவது கோட்டிலோ இரு முகங்களிலும் நார்கள் பிய்ந்து நின்றன; பசை உறுதியாக இருக்க, அதை ஒட்டிய மரமே கிழிந்திருக்கிறது. வெனீரைச் சீவும்போது கத்தி அதன் உட்புறத்தில் மயிரிழைபோன்ற வெடிப்புகளை உண்டாக்குகிறது. அந்தத் தளர்ந்த பக்கம்தான் அங்கே விட்டிருந்தது. அடுக்கு பிரிந்த எந்தப் பொருளிலும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: பசைக்கும் மரத்துக்கும் நடுவே விட்டதா, பசைக்குள்ளேயே உடைந்ததா, மரம் கிழிந்ததா? மூன்றுக்கும் பரிகாரம் வேறு வேறு.

வெளிர் நிறப் பசை யூரியா ஃபார்மால்டிஹைடு வகையாக இருக்க வேண்டும். உலர்ந்த இடத்தில் நன்றாக நிற்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அதன் பிணைப்புகள் நீராற்பகுப்பு அடைந்து, அதாவது நீரால் சிதைந்து, மெல்ல அறுந்துபோகும். வெளிப்புற உபயோகத்துக்கான பிளைவுட்டில் பசைக் கோடு கருஞ்சிவப்பாகத் தெரியும். அது ஃபீனால் ஃபார்மால்டிஹைடு, கொதிநீரையும் தாங்கும். வாங்கும்போது பலகையின் விளிம்பைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடுகிற இந்தச் செய்தியை நான் அன்று பார்க்காமல் விட்டேன்.

முதல் முயற்சியில் மரவேலைக்கான வெள்ளைப் பசையை ஊசி வழியே செலுத்தி, கிளாம்ப் போட்டு, ஒரு நாள் விட்டேன். பிளவு மறைந்துபோனது. பதினாறாம் நாள் விளிம்பில் மறுபடியும் மயிரிழைக் கோடு. எஃகு அளவுகோலை விட்டதும் புதிய பசை, பழைய பசைத் தோலின் மேலிருந்து ஒரு படலமாக உரிந்து வந்தது. அதன் அடிப்பக்கம் பளபளவென்று இருந்தது. தவறு தெளிவாகவே தெரிந்தது. பசை மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கவே இல்லை; பழைய தோலின் மீது சும்மா படுத்துக்கொண்டிருந்தது. அதோடு, வெள்ளைப் பசையின் பாதிக்கு மேல் நீர். அந்த நீர் போனதும் பசை சுருங்குவதால் அகன்ற இடைவெளியை அது நிரப்புவதில்லை. போகிற போக்கில் பக்கத்துப் பழைய கோடுகளையும் நனைத்துவிடுகிறது.

மேற்பரப்பைத் தயார் செய்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1988 ஏப்ரல் 28 அன்று அலோகா ஏர்லைன்ஸ் 243 விமானத்துக்கு நேர்ந்த விபத்தை நினைவுகூராமல் இருக்க முடியாது. அந்த போயிங் 737-இன் உடற்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் மூட்டுகளில், எபாக்சி என்ற பிசின் பசை தோய்ந்த துணியும் ஆணிகளும் சேர்ந்து பாரத்தைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டிருந்தது. குளிரில் வைத்திருந்து எடுக்கப்படும் அந்தத் துணியில் காற்றின் ஈரம் படிந்தால் பிடிப்பு கெடும். பிடிப்பு விட்ட மூட்டுகளில் முழுப் பாரமும் ஆணித் துளைகளுக்குப் போய், அங்கே திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் பாரத்தால் களைப்பு விரிசல்கள் தோன்றி, நடுவானில் கூரைப் பகுதி பிய்ந்து போனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். ஒட்டுகிற பொருளின் வலு எவ்வளவாக இருந்தாலும், அது தொடும் கடைசிப் படலம் அழுக்காகவோ ஈரமாகவோ இருந்தால் அந்த வலு பயன்படுவதே இல்லை.

இரண்டாம் முயற்சியில் ஒட்டும் வேலையைவிடச் சுத்தம் செய்யும் வேலைக்கு நான்கு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டேன். அளவுகோலின் முனையில் 120 எண் உப்புத்தாளை இருபுறமும் ஒட்டி, பிளவுக்குள் விட்டு முன்னும் பின்னும் இழுத்து, பழைய தோலைத் தேய்த்து எடுத்தேன். தூசியைக் காற்றால் ஊதி வெளியேற்றினேன். போதுமா என்று அறிய, கை எட்டும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். தேய்க்காத பசைத் தோலின் மேல் அந்தச் சொட்டு தாமரை இலை மேல் நீர்போல உருண்டு நின்றது. தேய்த்த இடத்தில் சில நொடிகளில் பரந்து, மரத்துக்குள் இறங்கி, ஒரு கருமையான வட்டமாக மாறியது. தண்ணீர் பரவாத இடத்தில் பசையும் பரவாது. சொட்டு உருண்ட இடங்களையெல்லாம் மறுபடியும் தேய்த்து, ஒரு முழு நாள் உலரவிட்டேன்.

பசைக்கு எபாக்சியைத் தேர்ந்தேன். அதில் ஆவியாகிப் போகும் நீர் இல்லை. எனவே இறுகும்போது சுருக்கம் குறைவு, இடைவெளியை நிரப்பும். தலைமுடி உலர்த்தும் கருவியால் மூலையை இளஞ்சூடாக்கிவிட்டு ஊற்றினேன். மரம் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கிப் பசையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. முதலில் எதுவும் கலக்காத நீர்த்த எபாக்சி, முகங்கள் நனையும் வரை; பிறகு நுண்ணிய மரத்தூள் கலந்த கெட்டியான எபாக்சி, ஊசியில்லாத சிரிஞ்சு வழியாக. மேலும் கீழும் பாலித்தீன் தாள், அதன் மேல் தடித்த சட்டங்கள், அதன் மேல் ஆறு கிளாம்புகள். வெள்ளைப் பசைக்குப் போல முழு பலத்தோடு இறுக்கக் கூடாது. இறுக்கினால் எபாக்சி முழுதும் பிதுங்கி வெளியேறி, கோடு பட்டினியாகிவிடும். உள்ளே கடைசியில் இருக்கும் கிளாம்பை முதலில் போட்டு விளிம்பை நோக்கி வந்தேன், காற்றும் மிச்சப் பசையும் வெளியேற வழி இருக்க வேண்டும் என்பதற்காக.

கொப்புளம் தனிக் கதை. விரிய முடியாத வெனீர் உள்ளே அழுத்தத்தில் நிற்கிறது. அடியில் எங்காவது பசை படாத திட்டு இருந்தால், அந்த இடத்தில் அது வளைந்து மேலே எழும்பித் தன் அழுத்தத்தைத் தணித்துக்கொள்கிறது. எழும்பியதும் அதன் ஓரங்கள் நெம்பப்பட்டுப் பிரிவு அகலும். மெல்லிய ஏடு எளிதில் எழும்பும் என்பதால்தான் மேல் வெனீருக்கு மட்டும் இது நேர்ந்தது. கிரானைட் குன்றுகளின் மேற்பரப்பு வெங்காயத் தோல்போலத் தகடு தகடாகக் கழல்வதும் இதற்கு உறவான நிகழ்ச்சி. மேலிருந்த பாறைச் சுமை அரித்துப் போவதால் உள்ளிருப்பது விரிந்து பிளக்கிறது என்று அமெரிக்க நிலவியலாளர் கில்பர்ட் 1904-இல் எழுதினார்; பின்வந்தவர்கள், குவிந்த பரப்புக்கு இணையாக ஓடும் அழுத்தமே தகட்டை வெளிநோக்கித் தள்ளுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். 2014 கோடையில் கலிஃபோர்னியாவின் ட்வெய்ன் ஹார்ட் என்ற ஊரில், ஒரு கிரானைட் குன்றின் தகடுகள் மக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடித்துப் பிரிந்தன. அதன் படங்களைப் பார்த்தபோது எனக்கு என் மேசையின் கொப்புளம்தான் நினைவுக்கு வந்தது.

சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் கொப்புளம் படிந்துவிடும் என்று சிலர் சொன்னார்கள். வெப்பத்தில் இளகும் பசையாக இருந்தால் அது நடக்கும். யூரியா ஃபார்மால்டிஹைடு ஒருமுறை இறுகிவிட்டால் இளகாது. அதைவிட முக்கியம், மரத்துக்குள் மிச்ச ஈரம் இருந்தால் அது நீராவியாகி அடுக்குகளைப் பிளக்கும். பிளைவுட் ஆலைகளிலேயே வெனீர் போதுமான அளவு உலராமல் சூட்டு அழுத்தியில் ஏறினால், அழுத்தியைத் திறந்த கணத்தில் ஆவி அடுக்குகளைத் தூக்கிப் பிரித்துவிடும். மின்னணுச் சில்லுகளிலும் இதே ஆபத்து உண்டு: சில்லை மூடியிருக்கும் பிளாஸ்டிக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சியிருந்தால், பற்றவைக்கும்போது வெப்பம் 260 டிகிரி செல்சியஸை நெருங்க, நீராவியின் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல 40 மடங்குக்கும் மேல் ஏறி, சோளப்பொரிபோல உறை உப்பி வெடிக்கிறது. அதனால்தான் அவற்றை ஈர உறிஞ்சியோடு அடைத்து அனுப்புகிறார்கள், திறந்து வைத்ததை 125 டிகிரியில் பல மணி நேரம் வாட்டிவிட்டுப் பயன்படுத்துகிறார்கள்.

ஆகவே சூட்டை விட்டுவிட்டு, கொப்புளத்தின் நடுவே நார் ஓட்டத்தோடு ஒரே ஒரு கீறல் போட்டேன். குறுக்கே கீறினால் தழும்பு தெரியும். கீறிய இரு உதடுகளும் அழுத்தியதும் ஒன்றன்மேல் ஒன்று அரை மில்லிமீட்டர் ஏறின. வெனீர் அவ்வளவு நீண்டிருக்கிறது. ஏறிய பகுதியைப் பிளேடால் சீவி எடுத்து, இரு உதடுகளுக்கு அடியிலும் எபாக்சி செலுத்தி, பாலித்தீன் வைத்து, தட்டையான பளுவை ஏற்றினேன்.

மறுநாள் கிளாம்புகளைக் கழற்றியபோது மூலையின் தடிமன் 18.6. கிழிந்த நார்கள் நிரந்தரமாக மடிந்துகொண்டதால் மீதி அரை மில்லிமீட்டர் குறையவில்லை. விளிம்பை உப்புத்தாளால் சமன்செய்து, நான்கு பக்க விளிம்புகளுக்கும், அதாவது பழுதே ஆகாத மூன்று பக்கங்களுக்கும் சேர்த்து, நீர்த்த எபாக்சியை மூன்று முறை பூசினேன். முதல் பூச்சை நார்களின் வெட்டுமுகம் பத்தே நிமிடத்தில் முழுதும் குடித்துவிட்டது. மூன்றாவது பூச்சுதான் மேலே ஈரப் பளபளப்போடு நின்றது. பிறகு வார்னிஷ்.

இப்போது எட்டு மாதங்கள் ஆகின்றன. இடையில் ஒரு மழைக்காலமும் கடந்துவிட்டது. மாதம் ஒருமுறை நாணயத்தால் தட்டிப் பார்க்கிறேன். தடிமன் 18.6-லிருந்து 18.7-க்குள்ளேயே நிற்கிறது. விளிம்பிலிருந்து 14 சென்டிமீட்டர் உள்ளே, எபாக்சி எட்டாமல் போன ஓர் இடம் மட்டும் இன்னும் "டொப்" என்கிறது. பெருவிரல் நகம் அளவுதான். அதன் எல்லையைப் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைத்திருக்கிறேன். இன்றுவரை ஒலி அந்த வட்டத்தைத் தாண்டவில்லை.